திறந்த வாயிற் கோட்டை

கோட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே மதிலும் அகழியும் வாயிற்கதவும் காவல் வீரரும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. மதில் வளைத்தலை உழிஞை என்றும் மதில் காத்தலை நொச்சி என்றும் பெயரிட்டுப் பாடிய மரபிலே பயின்றோர்க்குக் காவலற்ற கோட்டை என்பது ஒரு முரண்பாடாகவே தோன்றும். எனினும், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சு தேசம் சமயப் பகையினால் உள்நாட்டுப் போரிலே எரிந்துகொண்டிருந்த காலத்தில், அத்தகைய கோட்டையொன்று அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியிலே, நாட்டுப்புறக் குன்றொன்றின்மேல் இருந்தது. அதன் தலைவர் தம் வீட்டுக்குக் காவற்படை அமர்த்தவில்லை. பழைய வழக்கத்தையொட்டி ஒரு வாயிலோன் மாத்திரம் இருந்தான். அவனும் வருவோரைத் தடுப்பதற்காகவன்றி அவர்களை முறைப்படி உள்ளே அழைப்பதற்காகவே நின்றான். அக்கோட்டைத் தலைவரே மிசெல் த மொந்தேன். கட்டுரை என்று இன்று வழங்கும் இலக்கிய வடிவத்துக்கு ஐரோப்பாவில் முதன்முதற் பெயரும் உருவும் தந்தவர் அவர். அவ்வடிவம் பிறந்ததும் அக்கோட்டையிலேயே. ஆதலின், கட்டுரை பயில்வோர் அதன் வரலாற்றையும் கட்டட அமைப்பையும் அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும்.

மொந்தேன் என்பது ஓர் ஆளின் பெயராவதற்கு முன்னர் ஓர் இடத்தின் பெயராகவே இருந்தது. மலை எனப் பொருள்படும் சொல்லின் திரிபு அது. போர்தோ நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் கிழக்கே, பெரிகோர் என வழங்கிய பழம் பிரதேசத்தின் மேற்கு எல்லையில், தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வடபால் அவ்விடம் அமைந்துள்ளது. பெயருக்கேற்ற பெருமலை அங்கில்லை. திராட்சைத் தோட்டங்களும் மரச்செறிவுகளும் சூழ்ந்த உயர்நிலம் ஒன்றே உண்டு. அதன்மேல் வீசும் காற்றைப் பற்றி மொந்தேனே குறைபட்டிருக்கின்றார். தம் நூலக அறையே அவ்வீட்டில் மிகுதியாகக் காற்றுக்கு இலக்கான அறை என்பது அவர் முறைப்பாடு.

பிரெஞ்சு மொழியில் ‘ஷாத்தோ’ என்னும் சொல் இருபொருள் உடையது. போர்க்கோட்டையையும் அது குறிக்கும்; நிலவுடைமையாளரின் நாட்டுப்புற மாளிகையையும் அது குறிக்கும். ஒரு சொல் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அக்காரணத்தின் ஒரு பகுதி மொந்தேன் கோட்டையிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள கஸ்தியோன் என்னும் ஊரிலேயே நிகழ்ந்தது. அப்பிரதேசம் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்து மன்னரின் உடைமையாய் இருந்தது. 1453ஆம் ஆண்டு யூலை மாதம் கஸ்தியோனுக்கு அருகே நடந்த போரில் ஆங்கிலப் படை முறியடிக்கப்பட்டது. நூற்றாண்டுப் போர் அத்துடன் முடிவுற்றது. பிரெஞ்சுப் படையின் வெற்றிக்கு அதன் பீரங்கிகளே தலையாய காரணமாயின. உயர்ந்த கல்மதில்களின் காலம் பீரங்கியின் வருகையோடு மறையத் தொடங்கியது. மதில் எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவுக்கு அது குண்டுக்கு நல்ல இலக்காயிற்று.

அதன் பின்னர்ப் பிரெஞ்சுப் பெருமக்களின் கோட்டைகள் படிப்படியாக மாளிகைகளாக மாறின. அம்பெய்வதற்கு அமைத்த ஒடுங்கிய துளைகள் அகன்ற சாளரங்களாயின. 1519இல் தொடங்கப்பெற்ற சம்போர் மாளிகையில் கோபுரங்கள் இருக்கின்றன. ஆயினும் அவை பகைவரைத் தடுப்பதற்கு எழுந்தவையல்ல, கண்டோர் வியப்பதற்கு எழுந்தவை. எனினும் அரசரின் மாளிகைக்குப் பொருந்திய விதி நாட்டுப்புறச் சிறுபிரபுவின் வீட்டுக்கு முழுவதும் பொருந்தவில்லை. பீரங்கிப்படையை எதிர்க்க இயலாத மதிலும் கொள்ளைக் கூட்டத்தைத் தடுக்கப் போதுமானது. ஆகவே நாட்டுப்புறங்களில் மதிலும் வாயிற்கோபுரமும் நீண்டகாலம் நிலைத்தன. மொந்தேன் கோட்டை அவ்வகையைச் சார்ந்தது.

அக்கோட்டை 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 1477இல் அதனையும் அதற்குரிய நிலங்களையும் விலைகொடுத்து வாங்கியவர் இரமோன் எய்க்கெம் என்னும் போர்தோ வணிகர். திராட்சை மது, உப்பிட்ட மீன், சாயப்பொருள் ஆகியவற்றை விற்றுச் செல்வம் ஈட்டியவர் அவர். அவருடைய பேரன் பியர் எய்க்கெம் வணிகத்தை விட்டு வாளை ஏந்தினார். இத்தாலியப் போர்களிலே கலந்துகொண்டார். பின்னர் 1554இல் போர்தோவின் நகர முதல்வரானார். கோட்டையைப் புதுக்கி விரித்ததும் மதிலும் கோபுரமும் கொண்டு அதனை உறுதிப்படுத்தியதும் அவரே. அவருடைய மைந்தர் மிசெல் 1533 பெப்ருவரி 28ஆம் திகதி அக்கோட்டையிலே பிறந்தார். எய்க்கெம் என்னும் குடும்பப் பெயரைக் கைவிட்டு இடப்பெயராகிய மொந்தேன் என்பதையே தம் பெயராகக் கொண்டவர் அவர். மீன் விற்ற பணத்தில் வாங்கிய மதில் மூன்றாந் தலைமுறையிலே குலப்பெருமையாய் மாறிய கதை இது. பின்னாளில் அம்மதிலின் பயனையே ஐயுற்றவர் அக்குடும்பத்திலேயே தோன்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

கோட்டையின் அமைப்பு எளிமையானது. நாற்புறமும் கட்டடங்களும் மதிலும் சூழ்ந்த ஒரு முற்றம். அதன் ஒருபுறம் குடும்பத்தினர் வாழும் பெருமனை. அதற்கு எதிர்ப்புறத்தில், வாயிலையொட்டி, ஒரு வட்டக் கோபுரம். அக்கோபுரமே மொந்தேனின் உறைவிடமாயிற்று. கீழ்த்தளம் சிற்றாலயம், பகைத்தேவனை மிதித்து நிற்கும் புனித மிக்கேலின் உருவம் அங்குச் சுவரிலே தீட்டப்பெற்றுள்ளது. அதற்கு மேல் ஒரு படுக்கை அறை. தனித்திருக்க விரும்பிய இரவுகளில் அவர் அங்கு உறங்குவார். ஆலயத்தில் நிகழும் பூசையை மேலிருந்தே கேட்பதற்குச் சுவரில் ஒரு துளை வழி உண்டு. சுழற்படி வழியே மேலும் ஏறினால் நூலகம். அதற்கும் மேலே பெருமணி ஒன்று இருந்தது. வைகறையிலும் அந்தியிலும் அது ஒலிக்கும்போது கோபுரமே அதிரும். முதலில் அது பொறுக்கமுடியாததாய் இருந்ததென்றும் பின்னர் அவ்வொலியிலே விழிக்காமலே உறங்கப் பழகியதென்றும் அவர் எழுதியுள்ளார்.

நூலக அறை பதினாறு காலடி விட்டமுடைய வட்டம். மேசைக்கும் நாற்காலிக்கும் வேண்டிய அளவு மாத்திரம் சுவர் நேராயிருந்தது. ஏனைய பகுதியிலே சுவரின் வளைவைப் பின்பற்றி ஐந்தடுக்குத் தட்டுக்களில் நூல்கள் நின்றன. நாற்காலியில் இருந்தவாறே தம் நூல்கள் அனைத்தையும் ஒருபார்வையிற் காணக்கூடியதாயிருந்தது. ஏறத்தாழ ஆயிரம் நூல்கள் அங்கிருந்தன. அவற்றுள் ஒருபகுதி, 1563இல் இளவயதிலேயே மறைந்த அவருடைய உயிர்த்தோழர் எத்தியேன் த லா போயசி விட்டுச்சென்றவை. அறையை ஒட்டிக் கணப்படுப்புடைய சிற்றறை ஒன்றும் உண்டு. குளிர்காலத்தில் அது பயன்பட்டது. இந்தக் கோபுரத்தின் மேற்றளம் முற்காலத்தில் உடைகள் வைக்கும் இடமாக, வீட்டிலேயே எதற்கும் உதவாத பகுதியாக இருந்தது என்பதும் அவரே தரும் செய்தி.

நூலகத்தின் கூரைமரங்கள் தனிச்சிறப்புடையவை. அவற்றிலே கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட மூதுரைகள் எழுதப்பெற்றுள்ளன. விவிலியத்தின் சபை உரையாளர் ஆகமம், ஐயவாதியாகிய செக்ஸ்தசு எம்பிரிக்கசு, உலூக்கிரீசியசு முதலியோரின் நூல்கள் என்பனவற்றிலிருந்து அவை எடுக்கப்பட்டவை. மனித அறிவின் வரம்பையும் மனிதனுடைய செருக்கின் வெறுமையையும் நினைவூட்டுவன அவற்றுட் பல. சில மரங்களிலே முன்னர் எழுதிய வாசகம் மறைக்கப்பட்டு அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். தாம் தெளிந்த முடிவு எனக் கருதி எழுதியதையும் பின்னர் மாற்றத் துணிந்த ஒருவரின் கை அங்கே தெரிகின்றது. தன் உறுதிப்பாட்டுக்காக அயலானைக் கொல்லத் துணிந்த ஒரு தலைமுறைக்கு நடுவே, ஐயத்தையே கூரையாக வேய்ந்து அதன்கீழ் இருந்தவர் அவர்.

மொந்தேன் போர்தோ உயர்நீதிமன்றத்திலே நீதிபதியாய்ப் பணியாற்றி 1570இல் அப்பதவியை விட்டார். 1571இல், தமது முப்பத்தெட்டாவது பிறந்தநாளன்று, அரச சேவையிலும் பொதுப்பணியிலும் களைப்புற்றுக் கலைத்தெய்வங்களின் மடியில் எஞ்சிய நாளைக் கழிக்க வந்ததாக இலத்தீன் சாசனம் ஒன்றை நூலகத்தை அடுத்த சிற்றறைச் சுவரிலே எழுதச் செய்தார். இதனைக் கொண்டு அவரைத் தந்தக் கோபுரத்தில் ஒதுங்கிய அறிஞராகக் கருதுவோர் உளர். கட்டட அமைப்பே இக்கருத்தை மறுக்கின்றது. உலகைத் துறக்க விரும்புபவர் வீட்டின் பின்கோடியைத் தேர்ந்தெடுப்பார். மொந்தேனின் கோபுரமோ வாயிலின்மேல் நின்றது. அவருடைய சாளரங்களின் கீழே தோட்டமும் முற்றமும் கோழிகள் மேயும் புறக்கடையும் வீட்டின் பெரும்பகுதியும் தெரிந்தன. வருவோர் போவோர் எவரும் அவர் கண்ணுக்குத் தப்பமுடியாது. வாயிலைத் திறந்துவைத்தவர் அந்த வாயிலின் தலைமாட்டிலேயே இருந்து எழுதினார்.

அவ்வாயிலின் வழியே வரக்கூடியது யாது என்பதை அவர் அறியாதவரல்லர். 1562இல் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையே மூண்ட போர்கள் 1598 வரை விட்டுவிட்டு நீடித்தன. 1572 ஓகஸ்ட் 24ஆம் திகதி, புனித பர்த்தலோமேயு திருநாளிலே, பரிசில் புரட்டஸ்தாந்தர் ஆயிரக்கணக்கில் கொல்லப்படத் தொடங்கினர். ஒக்ரோபரில் அவ்வெறி போர்தோ நகரையும் எட்டியது. பெரிகோரும் அதன் சுற்றுப்புறமும் இரு சமயத்தாரும் கலந்து வாழ்ந்த பிரதேசங்கள். மொந்தேன் கத்தோலிக்கராகவே வாழ்ந்து மறைந்தார். அவருடைய உடன்பிறந்தாருள் ஒரு சகோதரரும் ஒரு சகோதரியும் புரட்டஸ்தாந்தராயினர். பகை ஊருக்கு ஊர் நிற்கவில்லை. ஒரே வீட்டின் உணவு மேசைக்குக் குறுக்கே நின்றது.

இந்நிலையிலே அயலிலுள்ள பிரபுக்கள் மதிலை உயர்த்தினர், காவலரைக் கூட்டினர். மொந்தேன் அவ்வாறு செய்யவில்லை. அதற்கு அவர் கூறும் காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. தற்காப்பு தாக்குதலைத் தூண்டுகின்றது. காவல் மிகுந்த வீட்டை வெல்வதிலே போர்வீரனுக்குப் புகழும் சாட்டும் கிடைக்கின்றன. எதிர்ப்பில்லாத வீட்டைக் கைப்பற்றுவது கோழைத்தனமாகவும் துரோகமாகவும் முடிகின்றது. மேலும், அரைகுறைக் காவலால் பயனில்லை. முழுமையான காவலோ தனி மனிதரின் வலிமைக்கு அப்பாற்பட்டது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான காரணம் வேறொன்று. உள்நாட்டுப் போரிலே ஒருவனுடைய பணியாளனே அவன் அஞ்சும் கட்சியைச் சேர்ந்தவனாய் இருக்கக்கூடும். மதிலுக்குப் பொருள் இருக்கவேண்டுமாயின் பகைவன் வெளியே இருக்கவேண்டும். நாடு தன்னோடு தானே போரிடும்போது அகமும் புறமும் எங்கே பிரிகின்றன? இவ்வினாவுக்குக் கொத்தன் விடை சொல்ல முடியாது. எனவே கோட்டையின் பொருளே அங்கு குலைந்துவிடுகின்றது.

இக்கொள்கை சோதனைக்குள்ளாகிய ஒரு நிகழ்ச்சியை அவரே விரிவாக எழுதியுள்ளார். அயலவரான ஒருவர் இக்கோட்டையையும் அதன் தலைவரையும் வஞ்சகமாய்க் கைப்பற்றத் திட்டமிட்டார். முதலில் அவர் தனியே, களைத்த குதிரையின்மேல், பதறியவராய் வாயிலுக்கு வந்தார். பகைவர் துரத்துவதாகவும் தம் ஆட்கள் சிதறிவிட்டதாகவும் கூறினார். மொந்தேன் அவரை உள்ளே அழைத்து ஆறுதல் கூறினார். சற்று நேரத்தில் நான்கைந்து வீரர் அதே பதற்றத்தோடு வந்தனர். பின்னர் வேறு சிலர். இறுதியில் இருபத்தைந்து முப்பதுபேர் முற்றத்தில் நிறைந்தனர். ஐயம் எழாமலில்லை. ஆயினும், தொடங்கிய உபசாரத்தை இடையிலே முறிப்பது ஆகாதென எண்ணி அவர் அனைவரையும் உள்ளே விட்டார். வீரர் குதிரையைவிட்டு இறங்காமலே தலைவனின் சைகைக்குக் காத்திருந்தனர். அத்தலைவரோ கூடத்தில் மொந்தேனோடு சிறிது பேசியிருந்துவிட்டு, எழுந்து, குதிரையேறி, வந்தபடியே திரும்பிச் சென்றார். கைக்குள் அகப்பட்ட வெற்றியை விட்டுச்செல்லும் அவரைக் கண்டு அவருடைய ஆட்களே திகைத்தனர். மொந்தேனின் முகமும் ஒளிவற்ற பேச்சும் தம் வஞ்சகத்தைக் கையிலிருந்து பறித்துவிட்டன என்று அவர் பிற்காலத்திலே பலமுறை வெளிப்படையாகக் கூறினாராம்.

வேறுவகை விருந்தினரும் அவ்வாயில் வழியே வந்தனர். 1584 டிசெம்பரில் புரட்டஸ்தாந்தரின் தலைவரான நவார் அரசர் ஹென்றி, சுமார் நாற்பது பெருமக்களோடு வந்து இரண்டு நாள் தங்கினார். அப்போது மொந்தேன் போர்தோவின் நகர முதல்வர். கத்தோலிக்க மன்னரின் ஊழியர். நஞ்சுக்கஞ்சி உணவைப் பிறர் சுவைத்துப் பார்த்தபின்னரே உண்பது அக்கால அரசரின் வழக்கம். ஹென்றி அவ்வழக்கத்தைக் கைவிட்டு, மொந்தேனின் பணியாளர் பரிமாறியதை உண்டு, மொந்தேனின் படுக்கையிலேயே உறங்கினார். இச்செய்தியை மொந்தேன் தமது குறிப்பேட்டிலே பதிந்திருக்கின்றார். காவலற்ற வீட்டுக்கு வந்தவர் தாமும் காவலைக் களைந்தார் என்பது இதன் சாரம். 1598இல் நாந்த் நகரிலே சமயப் பொறுமைக் கட்டளையைப் பிறப்பித்துப் போரை முடித்துவைத்த பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி இவரே.

இவற்றைக் கொண்டு திறந்த வாயில் எக்காலத்தும் வெல்லும் என முடிவு செய்வது பிழையாகும். 1586இல் கத்தோலிக்கப் படை கஸ்தியோனை முற்றுகையிட்டபோது போர் மொந்தேனின் வேலி வரை வந்தது. படையினர் அப்பகுதியைச் சூறையாடினர். இரு தரப்பினரும் அவரை மற்றத் தரப்பினராக ஐயுற்றனர். அதனைத் தொடர்ந்து கொள்ளைநோய் பரவியது. முதிய தாயையும் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஆறு மாதம் அலைந்தார். பிறர்க்கெல்லாம் வாயிலைத் திறந்து வைத்தவருக்கு, நோய்க்கஞ்சிய நண்பர்கள் தம் வாயிலைத் திறக்கத் தயங்கினர். அயல் உழவர்களோ செல்ல இடமின்றி அங்கேயே மடிந்தனர். திராட்சைக் குலைகள் பறிப்பாரின்றிக் கொடியிலே தொங்கின. சிலர் தமக்குரிய குழியைத் தாமே தோண்டிக்கொண்டனர் என்கின்றார் அவர். வாயிலைத் திறப்பதா அடைப்பதா என்று தேரும் உரிமை வாயில் உடையவர்க்கே உண்டு. மதிலும் வாயிலுமற்ற அம்மக்களுக்கு அவ்வுரிமையும் இருக்கவில்லை. அவர்களுடைய அமைதியான மனவுறுதி எந்த மெய்யியலாளரின் போதனைக்கும் குறைந்ததன்று என எழுதியமை மொந்தேனின் நேர்மைக்குச் சான்று. தமது வீடு தப்பியதற்குத் தம் மதிநுட்பத்தைவிட நற்பேறே பெரிதும் காரணம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இக்கோபுரத்தில் உருவான நூலே ‘எஸே’ என்பது. முயற்சி, சோதித்தல் என்னும் பொருளுடைய அச்சொல்லே கட்டுரை வகையின் பெயராயிற்று. 1580இல் போர்தோவில் இரு பாகங்களாக வெளிவந்த அந்நூல் 1588இல் மூன்றாம் பாகத்தையும் பெற்று 107 அத்தியாயங்களாய் நிறைந்தது. அதன் பின்னரும் அவர் அச்சிட்ட படியின் ஓரங்களிலே சேர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். அப்படி இன்றும் போர்தோ நகர நூலகத்திலே பேணப்படுகின்றது. பழைய கருத்தோடு புதிய கருத்து முரண்படினும் முன்னதை நீக்காமல் இரண்டையும் அருகருகே இருக்கவிட்டார். பகைவனையும் முற்றத்துக்குள் அழைத்த அதே மனப்பாங்கு எழுத்திலும் செயற்பட்டது. எதிர்க்கருத்து நுழைவதற்கு வாயில் வைக்காத எழுத்து வாதமாகலாம், பிரசாரமாகலாம்; மொந்தேன் கருதிய பொருளிலே அது கட்டுரையாகாது.

1592 செப்ரெம்பர் 13ஆம் திகதி மொந்தேன் அக்கோட்டையிலே காலமானார். போர் முடிந்ததை அவர் காணவில்லை. அவர் சேர்த்து எழுதியவற்றை உள்ளடக்கிய பதிப்பை 1595இல் மரி த கூர்னே என்னும் அறிஞர் வெளியிட்டார். நூலகம் நிலைக்கவில்லை. மகள் லெயொனோர் காலத்திலே நூல்கள் கைமாறிச் சிதறின. ஆயிரத்துள் ஏறத்தாழ நூறே அவருடைய கையொப்பத்தாலும் குறிப்புக்களாலும் இன்று இனங்காணப்பட்டுள்ளன. தட்டுக்கள் மறைந்துவிட்டன, கூரைமர வாசகங்கள் எஞ்சியுள்ளன.

கோட்டைக்கு வந்த பேரழிவு போரினால் வந்ததன்று. முப்பத்தாறாண்டுப் போரிலே தப்பிய பெருமனை, அமைதிக் காலத்தில், 1885 சனவரியிலே தீக்கிரையாயிற்று. மூன்றாம் நெப்போலியனின் நிதியமைச்சராயிருந்த பியர் மாஞ் என்பவரின் குடும்பத்திடம் அது அப்போது இருந்தது. அக்குடும்பத்தினர் மறுமலர்ச்சிக்காலப் பாணியைத் தழுவி அதனை மீளக் கட்டினர். முற்றத்தின் மறுபுறத்தே நின்ற கோபுரத்தைத் தீ தீண்டவில்லை. ஆகவே இன்று அங்குச் செல்வோர் காணும் பெருமனை 19ஆம் நூற்றாண்டினது. வாயிற்கோபுரமோ மொந்தேன் ஏறியிறங்கிய அதே கோபுரம். அவர் காலடியிலே தேய்ந்த படிகளை இன்றும் ஏறலாம்.

கட்டடக்கலை நோக்கிற் பார்த்தால் அக்கோபுரம் பெருஞ் சிறப்புடையதன்று. லுவார் ஆற்றங்கரை மாளிகைகளின் எழிலில் ஒரு சிறு கூறும் அதற்கு இல்லை. தடித்த சுவர், சிறிய சாளரங்கள், ஒடுங்கிய படிகள், வெறுமையான ஒரு வட்ட அறை ஆகியனவே அங்குள்ளவை. எனினும், அயலவர் அயலவரை அஞ்சிய ஒரு காலத்தில், அவ்வறையில் இருந்த மனிதர் அச்சத்தை மதிலாக எழுப்ப மறுத்தார். மறுத்தமைக்குரிய காரணங்களையும் அதனால் நேர்ந்த இழப்பையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார். அவருடைய முடிவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் காலத்தையும் நிலையையும் பொறுத்தது. ஆயின் உள்நாட்டுப் பகை மூண்ட எந்நாட்டிலும் காவலைப் பற்றிச் சிந்திப்போர், மதிலின் உயரத்தை அளப்பதற்கு முன்னர், பகைவன் எப்பக்கத்தில் நிற்கின்றான் என்று அவர் எழுப்பிய வினாவுக்கு விடை கண்டாக வேண்டும்.